குழந்தை அடம் பிடிக்கலை, அதுக்கு அவ்வளவுதான் வயசு!

ஒரு வயசுப் பிள்ளை எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஸ்பூனைக் கீழே போடுது. நாலு வயசு, 'அண்ணனுக்குத்தான் பால் நிறைய'னு அழுது ஊரைக் கூட்டுது. எட்டு வயசு எதுக்கெடுத்தாலும் 'இது நியாயமா?'னு வக்கீல் மாதிரி வந்து நிக்குது. பதினாலு வயசு ரூம் கதவைச் சாத்திக்குது. நாம எல்லாத்துக்கும் சேர்த்து 'பிடிவாதம்'னு பேர் வச்சு, ஒரு அதட்டலோட முடிச்சிடுறோம்.

தங்கச்சி, அக்கா சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளு. பிள்ளைங்க வாங்குற திட்டுல பாதி, அவங்க மூளைக்கு இன்னும் எட்டாத விஷயத்துக்காக வாங்குற திட்டு. எந்த வயசுல எது புரியும், எது தலைகீழா நின்னாலும் புரியாதுனு தெரிஞ்சுக்கிட்டா, உனக்குத் தொண்டைத்தண்ணி மிச்சம், பிள்ளைக்கு அடி மிச்சம்.

இதைப் பொறுமையா உட்கார்ந்து கவனிச்சவங்கள்ல முக்கியமானவர் சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே. 1896-ல பிறந்தவர். 1920 வாக்குல பாரீஸ்ல பிள்ளைங்களுக்கு அறிவுத்திறன் தேர்வு வைக்கிற வேலை பார்த்தார். மத்தவங்க சரியான விடையை எண்ணிக்கிட்டு இருந்தப்போ, இவர் கண்ணுல பட்டது தப்பான விடைதான். ஒரே வயசுப் பிள்ளைங்க ஒரே மாதிரி தப்புப் பண்ணினாங்க. அப்போ, குழந்தைனா அறிவு குறைஞ்ச பெரிய மனுஷன் இல்லை, வேற வழியில யோசிக்கிற ஆள்னு அவருக்குத் தோணுச்சு. அப்புறம் தன்னோட மூணு பிள்ளைங்களையும் கைக்குழந்தையிலிருந்தே கவனிச்சுக் குறிப்பு எழுதினார். பிறந்ததிலிருந்து 2 வயசு, 2-லிருந்து 7, 7-லிருந்து 11, அதுக்கு மேலனு நாலு கட்டமாப் பிரிச்சது அவர்தான்.

பின்னால வந்தவங்க அவர் சொன்னதுல பலதைத் திருத்தினாங்க. குழந்தைங்க அவர் நினைச்சதை விடச் சீக்கிரமாவே நிறைய புரிஞ்சுக்கிறாங்க, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததுக்கு ஒரே நாள்ல தாவுறதில்லைனு காட்டினாங்க. அதனால நான் கீழே சொல்ற வயசெல்லாம் சுமார் கணக்கு. எதிர்வீட்டுப் பிள்ளையைப் பக்கத்துல நிறுத்தி உன் பிள்ளையை அளக்காதே.

பிறந்ததிலிருந்து 1 வயசு வரை: கையும் வாயும்தான் மூளை

1. கீழே போடட்டும், விடு. ஸ்பூனை விட்டா விழுது. விழுந்தா சத்தம் வருது. சத்தம் வந்தா அம்மா திரும்பிப் பார்க்கிறா. இதைக் குழந்தை திரும்பத் திரும்பச் சரிபார்க்குது. 1969-ல கரோலின் ரோவி-கோலியர்ங்கிற அமெரிக்க ஆய்வாளர், தொட்டிலுக்கு மேல தொங்குற பொம்மையிலிருந்து ஒரு ரிப்பனை எடுத்துக் குழந்தையோட கணுக்கால்ல கட்டினார். கால் உதைச்சா பொம்மை ஆடும். மூணு மாசம்கூட நிறையாத குழந்தைங்க கொஞ்ச நேரத்துல கணக்கைப் பிடிச்சுக்கிட்டு, வேணும்னே உதைக்க ஆரம்பிச்சாங்க. நம்ம வீட்டுக் கொலுசுலயும் இதே பாடம் இருக்கு: காலை ஆட்டினா சத்தம். முத்து, திருகாணி கழண்டு வாய்க்குப் போகாத கொலுசாப் பார்த்துப் போடு. உடையாத டம்ளர், மரக்கரண்டி, மூடி போட்ட டப்பா கொடு. கடையில வாங்குற விலை உயர்ந்த பொம்மைக்கு இதெல்லாம் குறைச்சல் இல்லை.

2. துண்டுக்கு அடியில ஒளிச்சு விளையாடு. அஞ்சு மாசக் குழந்தை பிடிக்கப் போற கிலுகிலுப்பையைத் துண்டு போட்டு மூடினா, அது பாட்டுக்கு வேற பக்கம் திரும்பிடும். எட்டு மாச வாக்குல துண்டை இழுத்துத் தேடும். கண்ணுக்குத் தெரியாட்டியும் பொருள் அங்கேயே இருக்குங்கிறது அப்போதான் வருதுனு பியாஜே சொன்னார். ஆனா 1985-ல ரெனே பய்யார்ஜோன் குழுவினர் வேற மாதிரி பார்த்தாங்க. ஒரு பலகை எழும்பிப் பெட்டியை மறைக்கும். அப்புறம் அந்தப் பெட்டியே அங்க இல்லாத கணக்கா முழுசாப் பின்னால சாயும். அஞ்சு மாசக் குழந்தைங்க அந்த நடக்காத காட்சியைக் கூடுதல் நேரம் வெறிச்சுப் பார்த்தாங்க. ஆக, மனசுக்கு முன்னாடியே தெரியுது. துண்டை இழுத்துத் தேடுற சாமர்த்தியம் கைக்குத்தான் பின்னால வருது. முகத்தை மூடித் திறந்து 'அம்மா எங்கே? இதோ!'னு பாட்டிங்க காலங்காலமா ஆடுற விளையாட்டு இதுக்கு நல்ல பயிற்சி.

3. சொல்லாம நழுவாதே. எட்டு, ஒன்பது மாசத்துல நீ பாத்ரூம் போனாக்கூட அலறுதா? செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டோம்னு நினைக்காதே. அம்மா எங்கேயோ இருக்கானு தெரியுது, எப்போ வருவானு தெரியலை. அதுக்குத்தான் அந்த அழுகை. பின்வாசல் வழியா நழுவிப் போனா பயம் கூடும். 'அம்மா போயிட்டு வர்றேன்'னு முகத்தைப் பார்த்துச் சொல்லிட்டுப் போ. அழும்தான். ஆனா சொல்லிட்டுப் போற அம்மா திரும்பி வருவானு சீக்கிரம் பழகிக்கும்.

4. நீ பேசு, செல்போன் பேச வேண்டாம். 2003-ல அமெரிக்காவுல பட்ரீசியா குல் செஞ்ச ஆய்வு ஒவ்வொரு அம்மாவுக்கும் தெரியணும். ஒன்பது மாசக் குழந்தைங்க கூட சீன மொழி பேசுறவங்க நேர்ல உட்கார்ந்து, புத்தகம் காட்டி, விளையாடிப் பேசினாங்க. குழந்தைங்க அந்த மொழியோட ஒலி வித்தியாசத்தைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதே ஆளுங்க அதையே பேசினதை டி.வி.யில போட்டுக் காட்டினப்போ, ஒண்ணும் ஏறலை. உலக சுகாதார நிறுவனம் 2019-ல சொன்னதும் இதான்: ரெண்டு வயசுக்குள்ள திரையே வேண்டாம், 2 முதல் 4 வயசு வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல வேண்டாம். வெங்காயம் நறுக்கும்போது 'இது வெங்காயம், அம்மாவுக்குக் கண்ணு எரியுது'னு நீ பேசுறது, யூடியூப் ரைம்ஸை விட மேல்.

1 முதல் 3 வயசு: 'நான்'னு ஒருத்தர் வந்துட்டார்

5. பொட்டு வச்சுப் பாரு. முகம் துடைக்கிற சாக்குல பிள்ளைக்குத் தெரியாம மூக்கு நுனியில சாந்துப்பொட்டு வச்சு, கண்ணாடி முன்னால நிறுத்து. ஒரு வயசுக் குழந்தை கண்ணாடியில இருக்கிற 'இன்னொரு பாப்பா'வைப் பார்த்துச் சிரிக்கும், தட்டும், முத்தம் கொடுக்கும். ஒன்றரை வயசிலிருந்து ரெண்டு வயசுக்குள்ள பெரும்பாலான பிள்ளைங்க தன் மூக்கையே தொட்டுப் பார்ப்பாங்க. 1972-ல பியூலா ஆம்ஸ்டர்டாம் கன்னச் சிவப்புச் சாயம் தடவிச் செஞ்ச சோதனை இது. நமக்குப் பொட்டு போதும். பிள்ளை தன் மூக்கைத் தொட்டுட்டா, 'என்னோடது', 'மாட்டேன்', 'நானே' எல்லாம் பின்னாலேயே வரும்.

6. உத்தரவுக்குப் பதிலா ரெண்டு வழி கொடு. 'சட்டை போடு'னா 'மாட்டேன்'தான் பதில். 'சிவப்பா, நீலமா?'னு கேளு. தான் முடிவு பண்ணின திருப்தியில கையை நீட்டும். மூணாவது, நாலாவதுனு அடுக்காதே, இந்த வயசுக்கு ரெண்டே தாராளம். அதே மாதிரி 'ஓடாதே, தொடாதே, ஏறாதே'னு தடுக்கிறதை விட 'மெதுவா நட', 'கையைப் பிடிச்சுக்கோ'னு செய்ய வேண்டியதைச் சொல்லு. ஒரு நேரத்துல ஒரு வேலை மட்டும் சொல்லு.

7. சொப்புச் சாமான் வாங்கிக் கொடு. ஒன்றரை வயசு வாக்குல, இல்லாத டீயைக் காலி டம்ளர்ல ஊத்தி உனக்குக் கொடுக்கும். குடிச்சுட்டு 'சர்க்கரை கம்மி'னு சொல்லு. சீப்பு போன் ஆகுது, தலகாணி குதிரை ஆகுது. ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை நிறுத்தி யோசிக்கிறதுங்கிற பெரிய வேலை அங்க நடக்குது. கோடும் வளைவும் சேர்ந்த ஒரு வடிவம் 'அ'ங்கிற ஒலிக்குப் பதிலா நிக்கும்னு பின்னால புரியறதுக்கும் அந்தத் திறமைதான் வேணும். பட்டனை அமுக்கினா தானே பாடி ஆடுற பொம்மையில பிள்ளைக்கு வேலையே இல்லை.

3 முதல் 7 வயசு: கண்ணு சொல்றதே சட்டம்

8. டபரா, டம்ளர் எடு. இந்த வயசோட மனசைப் பார்க்கணும்னா ஒரு காபி செட்டு போதும். ஒரே அளவு ரெண்டு டம்ளர்ல ஒரே அளவு பால் ஊத்து. 'ரெண்டும் சமமா?'னு கேளு. குனிஞ்சு, கண்ணை டம்ளர் விளிம்புக்குக் கொண்டுவந்து பார்த்துட்டு 'சமம்'னு சொல்லும். இப்போ அது கண்ணு முன்னாலேயே ஒரு டம்ளர் பாலை டபராவுல ஊத்து. 'இப்போ எதுல நிறைய?' நாலு வயசு கொஞ்சமும் யோசிக்காம டம்ளரைக் காட்டும். 'அதே பால்தானே?'னா 'ஆமா'ங்கும். 'அப்போ எதுல நிறைய?'னா மறுபடியும் டம்ளர். உயரத்தைப் பார்க்கிற கண்ணு, அகலத்தைச் சேர்த்துப் பார்க்காது. ஊத்தினதைத் திருப்பி டம்ளர்லேயே ஊத்தினா பழையபடி ஆயிடும்ங்கிற யோசனையும் ஓடாது. ஆறு, ஏழு வயசுல அதே கேள்வியைக் கேட்டா, 'இதுகூடத் தெரியாதா உனக்கு?'னு உன்னையே ஒரு பார்வை பார்க்கும்.

இதனால என்ன லாபம்ங்கிறியா? அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரி டம்ளர்ல கொடு. தம்பி 'எனக்கு இன்னொரு தோசை'னு அழுதா, இருக்கிற தோசையையே நாலாப் பிச்சு வை, சில நேரம் அதுலயே சண்டை தீர்ந்துடும். 'ரெண்டும் ஒண்ணுதான்டா'னு விளக்கிக்கிட்டு நிக்காதே.

கையால பழகினா இந்த அறிவு முன்னாடியே வரலாம். 1969-ல வந்த ஒரு ஆய்வுல, மெக்ஸிகோவுல மண்பாண்டம் செய்யுற குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு, களிமண் உருண்டையை நசுக்கினாலும் அளவு மாறாதுங்கிறது மத்த பிள்ளைங்களை விட முன்னாடியே புரிஞ்சிருந்தது. சப்பாத்தி மாவுல ஒரு உருண்டையை அவன் கையில கொடு. உருட்டட்டும், நசுக்கட்டும், திரும்ப உருட்டட்டும்.

9. தையல் டப்பா சோதனை. பிஸ்கட் வந்த தகர டப்பாவுல நூல்கண்டும் ஊசியும் வச்சிருக்கிற வீடுதானே நம்ம வீடு? ஊசியை எடுத்துட்டு டப்பாவைப் பிள்ளைகிட்ட காட்டு. 'உள்ள என்ன?' 'பிஸ்கட்.' திறந்து காட்டு, நூல்கண்டு. மூடிட்டு, 'இப்போ பாட்டி வந்து இந்த டப்பாவைப் பார்த்தா, உள்ள என்ன இருக்குனு நினைப்பாங்க?'னு கேளு. மூணு வயசு 'நூல்'னு சொல்லும். தனக்குத் தெரிஞ்சது ஊருக்கே தெரியும்னு அதுக்கு நினைப்பு. நாலு, அஞ்சு வயசு 'பிஸ்கட்'னு சொல்லிட்டுச் சிரிக்கும். பாட்டி தலைக்குள்ள வேற நினைப்பு இருக்கலாம், அது தப்பாவும் இருக்கலாம்னு பிடிபட்டுடுச்சு. 1983-ல ஹைன்ஸ் விம்மரும் யோசெஃப் பெர்னரும் ஒரு சாக்லேட் கதையை வச்சு ஆராய்ஞ்சதும் இந்தத் திருப்பத்தைத்தான்.

ஊர்ல இருக்கிற தாத்தாகிட்ட போன்ல பேசுற மூணு வயசு, 'சாப்பிட்டியா?'னு கேட்டா தலையை மட்டும் ஆட்டும், தாத்தாவுக்குத் தெரியும்னு நினைச்சு. 'தாத்தாவுக்கு நீ தலையாட்டுறது தெரியாது, வாயால சொல்லு'னு சொல்லிக் கொடு.

பொய்யும் இந்தச் சமயத்துலதான் கைக்கு வரும். அடுத்தவங்களுக்குத் தெரியாதுனு புரிஞ்சாத்தானே மறைக்க முடியும்? வாய் ஓரத்துல சர்க்கரையோட 'நான் எடுக்கலை'ங்கிற பிள்ளையைத் 'திருட்டுப் பய'னு பட்டம் கட்டாதே. 'சர்க்கரை வேணும்னா அம்மாகிட்ட கேளு'னு சொல்லி விஷயத்தை முடி.

10. பூச்சாண்டியைக் கூப்பிடாதே. பொம்மைக்குப் பசிக்கும், நிலா நம்ம கூடவே வரும், மேசை வேணும்னே இடிச்சுடுச்சு. இந்த வயசுல இதெல்லாம் நிஜம். உனக்குப் பூச்சாண்டி ஒரு சும்மா மிரட்டல், அதுக்குக் கதவுக்குப் பின்னால நிக்கிற ஆள். விழுந்த பிள்ளைக்காகத் தரையை அடிக்கிற பழக்கத்தையும் விட்டுடு. 'வலிக்குதா? பார்த்து நடந்து வா' போதும்.

வீட்டுல சாவு விழுந்தா 'தாத்தா தூங்குறார்'னு சொல்லாதே. அன்னைக்கு ராத்திரியிலிருந்து பிள்ளை தூங்கப் பயப்படும். 'தாத்தா செத்துட்டார், இனிமே வர மாட்டார், நமக்கெல்லாம் வருத்தமா இருக்கு'னு நேராச் சொல்லு. நான் கோபத்துல நினைச்சதாலதான் இப்படி ஆச்சோனு பிள்ளைங்க தன் மேலேயே போட்டுக்குவாங்க. புருஷன் பொண்டாட்டி சண்டையிலயும் அப்படித்தான். 'இது உன்னால இல்லை'னு வாய்விட்டுச் சொல்லு.

11. தனக்குத்தானே பேசினா தடுக்காதே. 'இந்தக் கட்டை இங்க... இல்லை, அங்க'னு முணுமுணுத்துக்கிட்டே அடுக்குதா? ரஷ்ய அறிஞர் வைகாட்ஸ்கி, இந்த வாய்ப்பேச்சுதான் பின்னால மனசுக்குள்ள போய் யோசனை ஆகுதுனு சொன்னார். அவர் சொன்ன இன்னொண்ணு: பிள்ளை தனியாச் செய்ய முடியாம, பெரியவங்க துணையோட செய்ய முடியுற வேலை எதுவோ, அதுலதான் கத்துக்கிறது நடக்குது. மேல் ரெண்டு பட்டன் நீ போடு, கீழ் ரெண்டு அவளே போடட்டும். மொத்தமா நீயே செஞ்சாலும் பலன் இல்லை, மொத்தமா அவ தலையில கட்டினாலும் பலன் இல்லை.

12. எல்.கே.ஜி.யில ஓட விடாதே. இந்தக் கட்டங்களை வேகப்படுத்த முடியுமானு அமெரிக்காவுல அடிக்கடி கேட்டதால, பியாஜே அதுக்கு 'அமெரிக்கக் கேள்வி'னே பேர் வச்சுட்டார். இப்போ அது நம்ம கேள்வி ஆயிடுச்சு. மூணரை வயசுப் பிள்ளை நூறு வரைக்கும் ஒப்பிக்கும். ஆனா அஞ்சு புளியங்கொட்டையை நெருக்கியும், இன்னொரு அஞ்சைத் தள்ளித் தள்ளியும் வரிசையா வச்சு 'எதுல நிறைய?'னு கேளு, நீளமா இருக்கிற வரிசையைக் காட்டும். ஒப்பிக்கிறதும் எண்ணிக்கை புரியறதும் வேற வேற. ரெண்டு கோடு நோட்டுக்கு முன்னால புளியங்கொட்டையும் பல்லாங்குழியும் வரட்டும்.

7 முதல் 11 வயசு: கையில இருந்தா கணக்கு வரும்

13. கடைக்கு அனுப்பு. இந்த வயசுல தர்க்கம் வந்தாச்சு, ஆனா கண்ணால பார்த்து, கையால தொடுற பொருள் மேலதான் அது நல்லா ஓடும். 1985-ல பிரேசில்ல ரெசிஃபே நகரத்துத் தெருவுல இளநீர் மாதிரி சாமான் விக்கிற அஞ்சு பிள்ளைங்ககிட்ட ஆய்வாளர்கள் வியாபாரத்தோட வியாபாரமாக் கணக்குக் கேட்டாங்க. 98 சதவீதம் சரி. அதே கணக்கைத் தாள்ல எழுதிக் கொடுத்தப்போ 37 சதவீதம்தான் சரி. அதே மூளை, அதே பிள்ளை! தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகள்ல 2022-ல வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துல, 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை பொருளை வச்சுச் செஞ்சு பார்த்துப் படிக்கிறதுக்கு இடம் கொடுத்திருக்கிறதும் இதனாலதான். கால் கிலோ துவரம்பருப்பு வாங்கிட்டு மீதிச் சில்லறையைச் சரிபார்த்து வரச் சொல்லு. பின்னம் புரியலைனா தோசையை வெட்டு.

14. வேணும்னு செஞ்சதா, தெரியாமச் செஞ்சதா? 1932-ல வந்த புத்தகத்துல பியாஜே ஒரு சோதனையைச் சொல்றார். ஒரு பையன் கதவைத் திறந்தப்போ, பின்னால இருந்தது தெரியாம 15 கோப்பையை உடைச்சுட்டான். இன்னொருத்தன் அம்மா இல்லாத நேரத்துல ஜாம் எடுக்க ஏறி 1 கோப்பையை உடைச்சான். யார் தப்பு பெருசு? சின்னப் பிள்ளைங்க '15 உடைச்சவன்'னு சொன்னாங்க. பெரிய பிள்ளைங்கதான் எண்ணத்தைப் பார்த்தாங்க. இப்போ உன் வீட்டுக்கு வா. கை தவறி விலை உயர்ந்த டின்னர் செட்டை உடைச்ச பிள்ளைக்கு அடி, வேணும்னே தங்கச்சியைக் கிள்ளினவனுக்குச் சும்மா ஒரு முறைப்பு. இப்படி நடந்தா, வளர்ந்து வர்ற பிள்ளையோட நியாயத்தை நாமே பின்னுக்குத் தள்ளுறோம்.

15. 'கெட்டிக்காரி'யைக் குறைச்சுக்கோ. 1998-ல கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் அஞ்சாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு ஆராய்ஞ்சாங்க. 'நீ புத்திசாலி'னு பாராட்டு வாங்கின பிள்ளைங்க, அடுத்தாப்ல சுலபமான புதிரையே தேடினாங்க. கஷ்டமான புதிர்ல தோத்ததும் துவண்டு போனாங்க. 'நல்லா முயற்சி பண்ணே'னு கேட்ட பிள்ளைங்க கஷ்டமானதைக் கையில எடுத்தாங்க. மார்க்கைப் பார்த்ததும் 'எப்படிப் போட்டே, எங்க சிக்குச்சு?'னு கேளு. வழியைப் பத்திப் பேசினா, அடுத்த தடவைக்கும் அது உதவும்.

16. தாயக்கட்டையை எடு. தாயம், ஆடு புலி ஆட்டம், செஸ், எதுவானாலும் சரி. 'நான் இங்க வச்சா அவ எங்க வைப்பா?'னு யோசிக்கிறது இந்த வயசுக்கான தீனி. பிள்ளை அழுமேனு ஒவ்வொரு ஆட்டத்துலயும் தோத்துக் கொடுக்காதே.

12 முதல் 18 வயசு: 'அப்படி இருந்தா என்ன?'

17. சாவியில நூல் கட்டு. ஒரு சாவியை நூல்ல கட்டித் தொங்கவிட்டு ஆட்டு. சீக்கிரம் ஆட எதை மாத்தணும்? நூலோட நீளமா, சாவியோட எடையா, தள்ளுற வேகமா? எட்டு வயசு எல்லாத்தையும் ஒரே நேரத்துல மாத்திக் குழப்பிக்கும். பதிமூணு, பதினாலு வயசு மத்ததை அப்படியே வச்சுட்டு ஒண்ணை மட்டும் மாத்திப் பார்க்க முடியும், நூல் நீளம்தான்னு கண்டுபிடிக்க முடியும். எல்லாப் பிள்ளைக்கும் இது தானா வந்துடாது, பழக்கினா வரும். ஒரு ஆய்வுல, 'உனக்கு மூணாவது கண் கிடைச்சா எங்க வச்சுக்குவே?'னு கேட்டாங்க. ஒன்பது வயசுப் பிள்ளைங்க நெத்தினு சொன்னாங்க. பதினோரு வயசுப் பிள்ளைங்க உள்ளங்கைனு சொன்னாங்க, மூலை திரும்பிப் பார்க்கலாமே! நம்ம வீட்டுல கேட்டா சிவபெருமான் புண்ணியத்துல எல்லாரும் நெத்தினுதான் ஆரம்பிப்பாங்க. 'வேற எங்க, ஏன்?'னு அடுத்த கேள்வியையும் கேளு.

18. எதிர்த்துப் பேசினா உட்கார வச்சுப் பேசு. இல்லாத உலகத்தைக் கற்பனை பண்ண முடியுற மூளை, இருக்கிற உலகத்தைக் கேள்வி கேட்கும். 'சாமி இருக்கா?' 'அவங்க வீட்டுல ஏன் தண்ணி குடிக்கக்கூடாது?' 'தம்பி மட்டும் ஏன் வேலை செய்ய வேண்டாம்?' 'பெரியவங்க சொன்னா கேளு'னு மூடாதே. உன்கிட்ட காரணம் இருந்தா சொல்லு, இல்லைனா உன் பழக்கத்தை நீயும் ஒரு தடவை யோசி.

19. சொந்தக்காரங்க முன்னால மானத்தை வாங்காதே. முகத்துல ஒரு பரு வந்ததுக்கு ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கிறாளா? ஊரே தன்னையே பார்க்குதுங்கிற இந்த நினைப்பை 1967-ல டேவிட் எல்கைண்டு விளக்கினார். கூடவே 'எனக்கு வந்த கஷ்டம் யாருக்கும் வந்திருக்காது', 'எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது'னும் தோணும். கல்யாண வீட்டுல நாலு பேர் நடுவுல அவ மார்க்கையும் எடையையும் பேசிட்டு, வீட்டுக்கு வந்ததும் 'ஏன் பேச மாட்டேங்கிறே?'னு கேட்காதே.

20. வண்டிச் சாவியைக் கொடுக்காதே. 2005-ல மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கார் ஓட்டுற கம்ப்யூட்டர் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தாங்க. 13 முதல் 16 வயசுப் பிள்ளைங்க தனியா ஓட்டினதை விட, நண்பர்கள் பக்கத்துல இருந்தப்போ ரொம்பக் கூடுதலா ஆபத்துல இறங்கினாங்க. 24 வயசைத் தாண்டினவங்ககிட்ட அந்த வித்தியாசம் இல்லை. ஆசையைத் தூண்டுற மூளைப் பகுதி முந்திக்குது, பிரேக் போடுற முன்மூளை இருபத்தஞ்சு வயசு வாக்குலதான் முழுசா முதிருது. 'என் பையன் பொறுப்பானவன்'ங்கிறது உண்மையா இருக்கலாம். பின்சீட்டுல ரெண்டு நண்பர்கள் ஏறினதும் கணக்கு மாறிடும். 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயசு நிரம்பாத பிள்ளை வண்டியில குற்றம் பண்ணினா, பெத்தவங்களுக்கு 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம்.

21. தூங்க விடு. இந்த வயசுக்கு 8-லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும். பருவ வயசுல உடம்போட தூக்கக் கடிகாரமே ராத்திரி லேட்டாப் போயிடும், பத்து மணிக்குத் தூக்கம் வரலைங்கிறது வெறும் சாக்கு இல்லை. பன்னிரண்டு மணி வரைக்கும் விழிச்சிருந்த பிள்ளையை விடியக்காலை நாலு மணிக்கு எழுப்பி உட்கார வச்சா, புத்தகம்தான் திறந்திருக்கும். படிச்சது மனசுல பதியறதுக்கே தூக்கம் வேணும். செல்போனை ராத்திரி ஹால்ல சார்ஜ் போடுங்கிற சட்டத்தை வீட்டுல எல்லாருக்கும் போடு, உனக்கும் சேர்த்து.

எப்போ டாக்டர்கிட்ட போகணும்?

பொறுமை வேற, அலட்சியம் வேற. ஒரு வயசாகியும் மழலைச் சத்தமோ, விரல் நீட்டிக் காட்டுறதோ இல்லைனா, 16 மாசத்துல ஒரு வார்த்தைகூட வரலைனா, ரெண்டு வயசுல 'அம்மா வா' மாதிரி ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொந்தமாப் பேசலைனா, பேர் சொல்லிக் கூப்பிட்டும் திரும்பலைனா, உடனே குழந்தைகள் டாக்டரைப் பாரு. பேசிக்கிட்டு இருந்த பிள்ளை பேச்சை இழந்தா, எந்த வயசா இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. முதல்ல காதைப் பரிசோதிப்பாங்க. 'அவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினார்'னு மாமியார் சொன்னா, தலையாட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. அங்கன்வாடியிலயும் அரசுப் பள்ளியிலயும் 18 வயசு வரைக்கும் இலவசப் பரிசோதனை உண்டு. மேல் சிகிச்சைக்கும் பயிற்சிக்கும் மாவட்ட அளவுல ஆரம்ப இடையீட்டு மையங்கள் இருக்கு.

பெரிய பிள்ளை சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாத்தையும் ஒதுக்கிட்டு வாரக்கணக்குல முடங்கிக் கிடந்தா, 'செத்துப் போகலாம்'னு வாயில வந்தா, விளையாட்டுப் பேச்சுனு விடாதே. 'டெலி மானஸ்' 14416-க்கு எந்த நேரமும் இலவசமாக் கூப்பிடலாம். குழந்தைகள் உதவி எண் 1098.

இருபத்தொரு டிப்ஸையும் மனப்பாடம் பண்ண வேண்டாம். பிள்ளை தப்பா ஒண்ணு சொன்னாலோ செஞ்சாலோ, திருத்துறதுக்கு முன்னால 'ஏன் அப்படி நினைச்சே?'னு ஒரே ஒரு கேள்வி கேளு. கேட்டுட்டு, பதில் வர்ற வரைக்கும் நடுவுல பேசாம இரு. நம்மளுக்கெல்லாம் அதுதான் கஷ்டம். பழகிக்கோம்மா.